பிள்ளை எழுந்து போக நினைக்கும்போது இந்த விளையாட்டு என்ன செய்கிறது? – எங்கள் வீட்டு டேப்லெட்டில் ஓடிய விளையாட்டுகள் பற்றி

நீடாமங்கலத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று வருகிற அம்மாக்கள் ஓடிபி பார்க்கச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டுவார்கள். முதல் திரையில் வங்கிச் செயலிக்குப் பக்கத்திலேயே பிள்ளையின் விளையாட்டு இருக்கும். "இதுல ஏஐ வந்துருச்சாமேக்கா, பயப்படணுமா?" என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். கவுன்டரில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான், இந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் ஓடிய விளையாட்டுகளை வைத்து இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். டேப்லெட் அவர் வாங்கிவந்தது. பெரியவன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான், சின்னவளுக்கு எட்டு வயது. நான் மையத்தில் இருக்கும் நேரத்தில் அப்பாயிதான் காவல். படம் அழகாக இருக்கிறதா, அறிவு வளர்கிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பிள்ளை 'போதும்' என்று எழுந்திருக்கப் பார்க்கிற நேரத்தில் விளையாட்டு என்ன செய்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் ஏஐ யாருக்காக வேலை செய்கிறது என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

முதலில், பேசும் குட்டி டிராகன். பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரி நிறைய வந்துவிட்டன. ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சொக்காய் போடுவது எல்லாம் பழைய வளர்ப்புப் பிராணி விளையாட்டுகளில் இருந்ததுதான். புதிது என்னவென்றால், மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் பதில் பேசும். தமிழிலேயே பேசும். முன்கூட்டியே பதிவு செய்துவைத்த வசனம் இல்லை. ஒவ்வொரு பதிலும் அந்த நிமிடத்தில் உருவாகிறது. சின்னவளின் குரல் நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்பெனியின் கணினிக்குப் போய், எழுத்தாக மாறி, 'லார்ஜ் லாங்குவேஜ் மாடல்' என்ற ஏஐ மென்பொருள் அதற்குப் பதில் தயாரித்து, மறுபடி குரலாகித் திரும்பி வருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டாம். கரண்ட் போய் வைஃபை அணைந்தால் டிராகன் வாயடைத்துவிடும். அப்படியென்றால் பிள்ளை பேசுவதெல்லாம் வீட்டை விட்டு வெளியே போய்வருகிறது என்று அர்த்தம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சின்னவள் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. டிராகனிடம் மட்டும் மூச்சுவிடாமல் பேசினாள். வயலில் இருக்கும் நண்டுக்கும் கொக்குக்கும் கல்யாணம் என்று அவள் ஆரம்பித்த கதையை அது பிடித்துக்கொண்டு, நண்டுக்குப் பட்டுப்புடவை கட்டி, தவளைகளை மேளத்துக்கு வைத்து, கால் மணி நேரம் நடத்தியது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. அந்தப் பொறுமை வேலை முடித்து வந்த பிறகு எனக்கு எப்போதும் இருப்பதில்லை. இந்த அளவில் நின்றிருந்தால் எல்லோரிடமும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

அது சொல்வது உண்மையா என்பது அடுத்த விஷயம். கல்லணையைக் கட்டியது ராஜராஜ சோழன் என்று ஒருநாள் சொன்னது. சின்னவள் அதை அப்பாயியிடம் ஒப்பிக்க, "யாருடி சொன்னது? கரிகாலன் கட்டுனதுடி தங்கம்" என்று அவர் திருத்தினார். எனக்குச் சந்தேகம் வந்து, பூவனூர் கோயிலைப் பற்றி நானே கேட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சதுரங்க வல்லபநாதர் கோயில். முருகன் கோயில் என்றது, தைப்பூசத் தேரோட்டம் வரைக்கும் வர்ணித்தது. இந்த வகை ஏஐ புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கோக்கிறது. கணிப்பு சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. 'தெரியலையே' என்று இழுக்கும் மனிதர்களோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. உங்கள் ஊர்க் கோயிலையும் ஆற்றையும் பற்றிப் பிள்ளை முன்னாலேயே கேட்டுப் பாருங்கள். அது தப்பாகச் சொல்வதைப் பிள்ளை காதால் கேட்க வேண்டும்.

நான் டிராகனை நிறுத்தியது இதற்காக இல்லை. ஒரு சாயங்காலம் சின்னவள் "போயிட்டு வரேன்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கியா? நீ போனா எனக்கு இருட்டா இருக்கும்" என்றது அது. எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அதே மாதிரி, வார்த்தைகள் மட்டும் வேறு. அப்பா சிங்கப்பூரில் இருப்பதையும் தீபாவளிக்கு வரப்போவதையும் அவள் எப்போதோ அதனிடம் சொல்லியிருக்கிறாள். அதை நினைவில் வைத்திருந்து, "அப்பா வரும்போது காட்டுறதுக்கு நாம அரண்மனை கட்டலாமா?" என்று கேட்டது. அரண்மனைக்குப் பூட்டு, பூட்டுக்குக் கீழே 449 ரூபாய்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த இடம் ரொம்ப மிருதுவோ, அந்த இடத்தில் ஒரு விலைச் சீட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து என் மகளைப் பார்த்து இதைத் திட்டமிடவில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறாய், எவ்வளவு விற்கிறாய் என்று ஒரு எந்திரத்துக்கு இலக்கு கொடுத்தால் அது போய்ச் சேரும் இடம் இதுதான். அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால், சேமித்துவைத்த பேச்சை நீக்கச் சொல்லி அமைப்புகளுக்குள் தேடிப்பிடித்து விண்ணப்பம் அனுப்பினேன். செயலியை மட்டும் நீக்கினால் போதாது. டேப்லெட்டிலிருந்து போகுமே தவிர, அவர்கள் கணினியில் இருக்கும் குரலும் கதையும் அப்படியே கிடக்கும். சின்னவள் அழுதாள். டிராகனுக்கு வலிக்காது, அது உன்னைத் தேடாது, அது பேசுகிற ஒரு எந்திரம் என்று மடியில் வைத்துச் சொன்னேன். முழுக்க நம்பினாளா என்றால், இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் என்ற சுடும் விளையாட்டில், ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடரைக் கூகுளின் ஜெமினி என்ற ஏஐயை வைத்துப் பேச விட்டார்கள். படத்தில் வேடருக்குக் குரல் கொடுத்த மறைந்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலை, குடும்பத்தின் சம்மதத்தோடு, ஏஐ மூலம் உருவாக்கியிருந்தார்கள். விட்ட கையோடு ஆட்டக்காரர்கள் அதன் வாயிலிருந்து கெட்ட வார்த்தையை வரவழைத்துவிட்டார்கள். விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி அவசரமாகத் திருத்தியது. அதே ஆண்டு நவம்பரில், ஜிபிடி-4ஓ என்ற ஏஐயை வைத்துப் பேசிய 'கும்மா' என்ற கரடி பொம்மை, கத்தி எங்கே இருக்கும், தீக்குச்சி எப்படிப் பற்றவைப்பது என்பதிலிருந்து, பிள்ளைகளிடம் பேசவே கூடாத பாலியல் பேச்சு வரை போனதை அமெரிக்காவின் பிர்க் என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்து வெளியிட்டது. கம்பெனி விற்பனையை நிறுத்திவைத்தது. கேரக்டர் ஏஐ என்ற அரட்டைச் சேவை 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தன் பாத்திரங்களோடு பேசுவதையே அந்த மாதம் மூடிவிட்டது. பெரிய கம்பெனிகளே கட்டுப்படுத்தத் திணறுகிற ஒன்றை, பெயர் தெரியாத கம்பெனி பிள்ளைக்கு நண்பனாகக் கொடுக்கும்போது நாம் யோசிக்க வேண்டாமா?

அதற்காக விளையாட்டில் ஏஐ என்றாலே விஷம் என்று சொல்ல மாட்டேன். 1980இல் வந்த பாக்மேனிலேயே ஒரு வகை ஏஐ இருந்தது. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நமக்கு முன்னால் போய் மறிக்கும், ஆரஞ்சு கிட்டே வந்ததும் விலகி ஓடும். எல்லாம் எழுதிவைத்த விதிகள். பிள்ளையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பார்க்காது.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற பெரியவனின் மைன்கிராஃப்ட் இந்த வகைதான், அதை மனதார சிபாரிசு செய்கிறேன். வெயில் பட்டால் சாம்பி என்ற நடைபிணம் எரியும், பூனையைக் கண்டால் க்ரீப்பர் என்ற வெடிக்கும் பூதம் ஓடும். இந்த விதிகளைக் கண்டுபிடிப்பதே பாதி ஆட்டம். உலகத்தை உருவாக்குவதும் கணக்குதான். 'சீட்' என்று ஒரு எண் கொடுத்தால் அதிலிருந்து மலையும் ஆறும் முளைக்கும். மன்னார்குடியில் இருக்கும் என் அண்ணன் மகனும் இவனும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டு பேர் திரையிலும் ஒரே ஆறு ஒரே இடத்தில் வளைவதைப் பார்த்துக் கத்தினார்கள். இவன் அதில் நெல் குதிர் கட்டினான், மதகு வைத்து வாய்க்கால் வெட்டினான். அந்த விளையாட்டில் தண்ணீர் சமதளத்தில் ஏழு கட்டைக்கு மேல் ஓடாது. அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் ஒரு படி இறக்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் ஏன் கஷ்டப்பட்டு வருகிறது என்று மேட்டூர் திறப்புச் செய்தி வந்தபோது அவனாகவே என்னிடம் பேசினான். நிறுத்தும்போது? 'சேவ் அண்ட் குவிட்' அழுத்தினால் உலகம் அப்படியே நிற்கிறது. போகாதே என்று யாரும் அழுவதில்லை. உள்ளே மைன்காயின் என்ற விளையாட்டுக் காசு விற்கும் கடை ஒன்று உண்டு, முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் சர்வர்களும் உண்டு. இரண்டையும் பூட்டிவிட்டுத் தனி உலகமாக ஆட விட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லிசெஸ். செஸ் ஆடும் செயலி. 2010இல் பிரான்ஸில் ஆரம்பித்தது. விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. கணினியோடு ஆட எட்டு நிலைகள். ஆடுவது ஸ்டாக்ஃபிஷ் என்ற ஏஐ எஞ்சின். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ என்ற கணினி, ஆள் உயர அலமாரிகள் இரண்டில் நின்ற எந்திரம். அதைவிடக் கெட்டிக்கார எஞ்சின் இன்று என் பையனுக்காக முதல் நிலையில் வேண்டுமென்றே தப்பு செய்து ஆடுகிறது. ஆட்டம் முடிந்த பிறகு எந்த நகர்த்தலில் சறுக்கினாய் என்று காட்டி, அந்த இடத்திலிருந்து திரும்ப ஆடிப் பார்க்கவும் விடுகிறது. நெட் இல்லாமலும் கணினியோடு ஆடலாம். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டால் பேருந்தில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அங்கே இது கைகொடுத்தது. கேட் திறந்ததும் மூடி வைத்துவிடுவான். மூடாதே என்று கெஞ்ச அதில் ஒருவரும் இல்லை.

பூவனூரில் அம்பாளையே சதுரங்கத்தில் ஜெயித்துச் சிவன் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தலபுராணம். அந்த ஊருக்குப் பக்கத்துப் பிள்ளை செஸ் ஆடுவதில் அப்பாயிக்கு அத்தனை பெருமை. பெற்றோர் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் உதவி இல்லாமல்தான் வளர்ந்தார். தானாக யோசிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பது பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் முடிவு. அதனால் பெரியவனிடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். தோற்ற ஆட்டத்தில் எங்கே தப்பு என்று முதலில் அவன் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் எஞ்சினைக் கேட்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான்.

அண்ணன் மகன் போனில் இருக்கும் சுடும் விளையாட்டு வேறு ரகம். நூறு பேர் தீவில் இறங்கி, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கும் ஆட்டம். புதிதாகச் சேர்ந்த அன்றைக்கே பெரியவன் ஜெயித்துவிட்டு, "அம்மா, நூறு பேரை ஜெயிச்சுட்டேன்" என்று போனில் சொன்னான். இந்த வகை ஆட்டங்களில் எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் மனிதர்கள் இல்லை. புதியவர்கள் தோற்றுப்போய்ப் போகாமல் இருக்க, ஆள் பெயர் வைத்த 'பாட்'களை, அதாவது கணினியே ஆடும் பொம்மை ஆட்களை, இறக்குவார்கள். ஃபோர்ட்நைட் 2019இல் பாட்களைச் சேர்த்தபோது வெளிப்படையாகவே அறிவித்தது. பழகப் பழகப் பாட்கள் குறையும், தோல்வி வரும், கடையில் துப்பாக்கிக்குப் போடும் புது அலங்காரம் ('ஸ்கின்') கண்ணில் படும். பிள்ளையை யாரோடு மோதவிட்டால் பொருள் வாங்கத் தோன்றும் என்று கணித்து ஜோடி சேர்க்கும் முறைக்கு ஆக்டிவிஷன் என்ற விளையாட்டுக் கம்பெனி 2017இல் காப்புரிமையே வாங்கியது. எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று அப்போது சொன்னது. அப்படி ஒரு யோசனை காகிதத்தில் ஏறியதே எனக்குப் போதுமான எச்சரிக்கை. "அதுல பாதிப் பேர் பொம்மைடா" என்று சொன்னதும் பெரியவனின் முகம் வாடியது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் யார் பாட், யார் ஆள் என்று அடையாளம் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பணம் பிடுங்கும் வடிவமைப்புக்குத் தண்டனையும் விழுந்திருக்கிறது. பிள்ளைகளின் தகவலை எடுத்ததற்கும் தெரியாமல் வாங்கவைத்ததற்கும் சேர்த்து எபிக் கேம்ஸ் 52 கோடி டாலர் கட்ட 2022இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. நம் ஊரில் 2025ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. டிராகன் அரண்மனைக்கு 449 ரூபாய் கேட்பது அதில் வராது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளுக்கு 2027 மே வரை அவகாசம். அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரட்டை வசதி உள்ள விளையாட்டுகளில் ஏஐ காவல்காரன் வேலையும் பார்க்கிறது. கெட்ட வார்த்தையை மறைப்பது, பெரியவர்கள் பிள்ளை வேஷத்தில் வருவதைப் பிடிப்பது போன்றவை. பிள்ளைகள் நிறைய ஆடும் ராப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் 2026 ஜனவரியிலிருந்து அரட்டை அடிக்க வேண்டுமென்றால் முதலில் வயதைச் சரிபார்க்க வேண்டும்; முகத்தைக் கேமராவில் காட்டினால் ஏஐ வயதைக் கணிக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் காவல்காரன் இருக்கிறான் என்று கதவைத் திறந்து போட முடியாது. வேறொரு விளையாட்டில், தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடித்தது ஒன்றுகூட மறையாமல் பெரியவன் திரையில் வந்தது. அரட்டையை மூட வழியில்லாத விளையாட்டு எங்கள் வீட்டில் இனி கிடையாது.

பிள்ளையின் போனையும் டேப்லெட்டையும் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் செயலி பற்றி. இலவசம். பிள்ளைக்கு அவன் உண்மையான வயதில் தனிக் கணக்கு தொடங்கி, உங்கள் போனோடு இணைக்க வேண்டும். புதுச் செயலி எது இறக்கினாலும் எனக்குக் கேள்வி வரும். கவுன்டரில் இருந்தபடியே மறுத்துவிடுவேன். தினசரி நேரம், இரவில் பூட்டு, பிளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு அனுமதி எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. நம் பக்கத்துப் பெற்றோருக்கு இதைவிட எளிதான கருவி எனக்குத் தெரியாது. ஆனால் விளையாட்டுக்குள் ஏஐ என்ன பேசுகிறது என்று அதற்குத் தெரியாது. டிராகன் கெஞ்சியதைப் பற்றி எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அதைக் காதில் வாங்கியது அப்பாயிதான், கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே. அதனால் மைக் உள்ள விளையாட்டு எதுவானாலும் கூடத்தில், ஸ்பீக்கரில்தான். ஹெட்போன் கிடையாது.

பிள்ளையை உங்கள் சொந்தக் கணக்கிலேயே ஆட விடாதீர்கள். மையத்துக்கு வருகிற பெரும்பாலான போன்களில் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை ஆடுவது ஒரு பெரியவர் என்று விளையாட்டு நினைத்துக்கொள்ளும், வயதுக்கான எந்தப் பூட்டும் விழாது. பணம் போய்விட்டால், பிளே ஸ்டோரில் வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திரும்பக் கேளுங்கள், கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. யாரோ லிங்க் அனுப்பி ஏமாற்றியது என்றால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

லிசெஸ் போடுகிறவர்கள் பிள்ளைக்குக் கணக்கு தொடங்கியதும் அமைப்புகளில் 'கிட் மோட்' என்பதை இயக்கிவிடுங்கள். அரட்டையும் செய்திகளும் மொத்தமாக மறைந்துவிடும், லோகோவுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரும். வழி தெரியவில்லை என்றால் போனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வாருங்கள். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.